பிளவக்கலுக்குப் போன பச்சை வண்டி

தவசிமுத்துவுக்கு வெற்றிலை கிடையாது, பீடி கிடையாது, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிற வழக்கமும் கிடையாது. இராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் பிட்டர் வேலை. ஷிப்ட் முடிந்தால் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அந்தக் கொட்டகைக்குள் எப்போதும் ஒரு பழைய பிக்கப் வண்டி நின்றுகொண்டிருக்கும்.

தோப்பு ஓரத்திலோ குவாரி மூலையிலோ சக்கரம் மண்ணில் புதைந்து, பின் தொட்டியில் எருக்கு முளைத்துக் கிடக்கிற வண்டியாகப் பார்த்து இழுத்து வருவார். வார விடுமுறை முழுக்க அதோடுதான். துருவைச் சுரண்டுவார், என்ஜினைப் பிரிப்பார், கிடைக்காத சாமானுக்கு மதுரைக் காயலாங்கடைகளில் அலைவார். தகர வேலை மட்டும் தென்காசி ரோட்டில் டிங்கர் கடை வைத்திருந்த ஜெபக்குமார் பார்ப்பான். தவசிமுத்துவைவிடப் பத்து வயது இளையவன். அண்ணாச்சி, அண்ணாச்சி என்று சுற்றிவருவான். இரண்டு மூன்று வருடத்தில் வண்டி உறுமிக்கொண்டு வெளியே வரும். ஓடத் தொடங்கியதும் அதன்மேல் இருந்த ஆசை அவருக்கு வடிந்துபோகும். கேட்டவருக்குக் கொடுத்துவிட்டு அடுத்ததைத் தேடப் போய்விடுவார்.

மனைவி கனகலட்சுமிக்கு இது பிடிக்காமல் போனதில் ஆச்சரியம் இல்லை. செட்டியார்பட்டியிலிருந்து வெட்டிய துணி வாங்கி வந்து வீட்டிலேயே நைட்டி தைப்பவள் அவள். தையல் மிஷினில் அவள் பாட்டுக்குக் குனிந்திருப்பாள், கொட்டகையில் அவர் பாட்டுக்குக் குனிந்திருப்பார். நடுவில் பையன் சிவபாண்டி வளர்ந்து பட்டாளத்துக்கும் போய்விட்டான். ஒருமுறை அவளுடைய தங்கை மகள் கல்யாணத்துக்கு, தாலி கட்டி எல்லாரும் பந்தியில் உட்கார்ந்த பிறகு, நகக்கண்ணில் கிரீஸோடு தவசிமுத்து வந்து நின்றார். அன்றைக்குச் சொந்தக்காரர்கள் பார்த்த பார்வையில் கனகலட்சுமி கூனிக்குறுகிப்போனாள். வீட்டுக்கு வந்ததும் வெடித்துவிட்டாள்.

“இந்த இரும்பையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்துங்க. இனிமே அந்தக் கொட்டகைக்குள்ள நான் காலெடுத்து வைக்க மாட்டேன்.”

சொன்னபடியே இருந்தாள். தேநீர் கொண்டுபோனால் துவைகல்லில் டம்ளரை வைத்துவிட்டுக் குரல் கொடுப்பாள். அவர் வந்து எடுத்துக்கொள்வார். அதற்குமேல் சண்டை எதுவும் இல்லை. பேச்சும் அதிகம் இல்லை. வருடங்கள் அப்படியே ஓடின.

கடைசியாக வந்தது ஒரு ஜீப் பிக்கப். முன்பக்கம் ஜீப், பின்பக்கம் திறந்த தொட்டி. ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் வெள்ளைப் புழுதி படிந்து கிடந்தது. அதற்குப் பச்சை வண்ணம் அடித்து ஓட்டிக் காட்டியபோது, தோப்புக்காரர்கள் மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்தார்கள். தவசிமுத்து இந்த ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. ஏன் என்று கனகலட்சுமி கேட்டுக்கொள்ளவும் இல்லை.

அந்த வருடம் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார்வளாகத்தில் அவளுடைய அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. முந்தின நாளே கனகலட்சுமி போய்விட்டாள். விசேஷத்துக்கு நேரே வந்து, திரும்பும்போது பச்சை வண்டியில் கூட்டிப்போகிறேன் என்று தவசிமுத்து சொல்லியிருந்தார். பந்தி முடிந்தது, இலையும் எடுத்தாயிற்று, ஆள் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. பழைய கோபம் அவளுக்குத் தொண்டைவரை ஏறி நின்றபோது, அவர் நம்பரிலிருந்தே அழைப்பு வந்தது. பேசியது யாரோ ஒரு டிராபிக் போலீஸ்காரர்.

“அம்மா, தேரடி பக்கத்துல ஒரு பச்சை வண்டியில ஒருத்தரு காலையில இருந்து உக்காந்திருக்காரு. எங்க போகணும்னு கேட்டா சொல்லத் தெரியல. செத்த வாங்க.”

அவள் ஓடினாள். தவசிமுத்து ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி இருந்தார். சட்டை நனைந்திருந்தது. அவளைக் கண்டதும், கூட்டத்தில் தொலைந்த குழந்தை அம்மாவைப் பார்த்த மாதிரி உதடு நடுங்கியது.

“வந்துட்டியா கனகு? இந்தத் தெருவையெல்லாம் எப்பட்டி மாத்துனானுவ?”

ஒரு தெருவும் மாறவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் வந்துபோய்க்கொண்டிருந்த வழிதான்.

சர்க்கரையாக இருக்கும், பிரஷராக இருக்கும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டார். ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், மாத்திரையால் மெதுவாக்கலாம், நிறுத்த முடியாது, வண்டி ஓட்டவே கூடாது. திரும்புகிற பஸ்ஸில் தவசிமுத்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்லுப்பட்டி தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

“ஏட்டி, ஓட்டத்தான கூடாதுன்னாரு? வேல பாக்கலாம்ல?”

“பாக்கலாம்” என்றாள் கனகலட்சுமி. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

சிவபாண்டி லீவில் வந்தான். முதல் வேலையாக வண்டிச் சாவியை எடுத்து ஒளித்துவைத்தான். “இத வித்துருவோம்மா. அப்பா பாட்டுக்கு எடுத்துட்டுப் போயி எங்கயாச்சும் இடிச்சா என்ன செய்ய?” என்றான்.

“கெடக்கட்டும்லே. அவருக்கு வேற என்ன இருக்கு?” என்றாள் அவள். அந்த வண்டிக்காக அவள் பரிந்து பேசியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

மில் வேலையை விட்டு நின்ற பிறகு அவர் பொழுது முழுக்கக் கொட்டகையில் கழிந்தது. ஒருநாள் துவைகல்லில் வைத்த தேநீர் ஆடை படர்ந்து ஆறிக் கிடந்தது. இரண்டு முறை கூப்பிட்டும் பதில் வராததால், பல வருடங்களுக்குப் பிறகு கனகலட்சுமி உள்ளே போனாள். தரையில் பழைய வேட்டியை விரித்து, கார்புரேட்டரைப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவி வரிசையாக அடுக்கியிருந்தார். எல்லாம் பளபளவென்று இருந்தன. அவர் பித்தளை மிதவையைக் கையில் வைத்துக்கொண்டு அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது எங்கட்டி இருந்துச்சு?”

கனகலட்சுமிக்கு எப்படித் தெரியும்? தெரியவில்லையே என்றாள். அவர் மிதவையை வேட்டிமேல் வைத்தார். மறுபடி எடுத்தார். மறுபடி வைத்தார். “எனக்குத் தெரியும். தெரியாம இருக்குமா? இப்ப வந்துரும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். அவர் அம்மா செத்தபோதுகூட அப்படி அழுது அவள் பார்த்ததில்லை.

மத்தியானம் அவரைத் தூங்கவைத்துவிட்டு ஜெபக்குமாருக்குப் போன் போட்டாள். அவன் வந்து எல்லாவற்றையும் மறுபடி மாட்டிப் பூட்டிவிட்டுப் போனான். எழுந்து வந்து பார்த்த தவசிமுத்து, தானே பூட்டியதாக நினைத்து முகம் மலர்ந்தார். அன்று இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டார். மறுநாள் காலையில், “என்ஜின் லேசா இருமுது, கார்புரேட்டரு அடைச்சிருக்கும்” என்று மறுபடி கழற்றி விரித்தார். அந்த என்ஜின் ஓடியே மாதக்கணக்காகியிருந்தது.

தினமும் இதுவே ஆயிற்று. ஜெபக்குமாரும் கடையைப் போட்டுவிட்டு எத்தனை நாள் வருவான்? கடைசியில் அவன் பூட்டுவதைப் போனில் படம் பிடித்துக் கொடுத்தான்.

“மதினி, மொதல்ல ஊசி, பொறவு இந்தப் பித்தளை ஃப்ளோட்டு, அதுக்குமேல கேஸ்கெட் அட்டை. நைட்டிக்குக் கழுத்துப் பட்டி வைக்கிற மாதிரிதான், மடிப்பு பிசகாம வைக்கணும். உங்களுக்கு வந்துரும்.”

வந்துவிட்டது. தவசிமுத்து காலையில் பிரித்ததை, அவர் மதியம் தூங்கும்போது கனகலட்சுமி பூட்டினாள். துணி முழுக்க மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறது என்று தையல் கொடுப்பவர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். சீயக்காயும் சோப்பும் போட்டுத் தேய்த்தும் விரலிலிருந்து வாடை போகவில்லை. இந்த வாடைக்காக அவள் எத்தனை வருடம் முகத்தைச் சுளித்திருக்கிறாள். இப்போது சோற்றைப் பிசையும்போது அது மூக்கில் ஏறினால், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அவரும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் அவளைத் தெரிந்த ஆளாக இல்லை.

அவள் பெயர் அவர் வாயிலிருந்து எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியாது. முதலில் கனகு போயிற்று. ஏட்டி மட்டும் கொஞ்ச நாள் இருந்தது. ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு முற்பகலில் அவள் கொட்டகைக்குள் நுழைந்தபோது, தவசிமுத்து அவசரமாக எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

“வாங்கம்மா. நனைஞ்சுட்டீகளே. உக்காருங்க.”

அவள் கதவோரமே நின்றுவிட்டாள்.

“வண்டி பாக்க வந்தீகளா? இது விக்கிற வண்டி இல்லம்மா. தப்பா நெனைக்காதீக.”

கனகலட்சுமி தேநீர் டம்ளரை என்ஜின் மூடிமேல் வைத்தாள். அழுதால் அவர் மிரண்டுவிடுவார் என்று தெரியும். ஸ்டூலில் உட்கார்ந்தாள். எங்கிருந்துதான் அந்தக் கேள்வி வந்ததோ, “ஏன் விக்க மாட்டீக?” என்று கேட்டாள்.

அவர் குரலைத் தாழ்த்தினார். “வீட்டுக்காரிக்கு வச்சிருக்கேன். அவகிட்ட சொல்லிராதீக. கல்யாணமான புதுசுல பிளவக்கல் அணைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன். போகவே இல்ல. வேல, வண்டின்னு நாளு போயிருச்சு. அவளுக்கு இந்த வண்டின்னாலே ஆகாது. எம்மேலதான் கோவம். நாயந்தான். எல்லாரு முன்னாலயும் அவளத் தல குனிய வச்சுட்டேன்.”

வெளியே தகரத்தில் மழை அடித்தது. அவர் வண்டியின் இடதுபக்கம் போய்க் குனிந்து தொட்டுக் காட்டினார். கதவுக்குக் கீழே தனியாக ஒரு படி பற்றவைத்திருந்தது. “அவளுக்கு முட்டி வலி. தையல் மிஷினு மிதிச்சு மிதிச்சு வந்தது. ஒசரத்துல ஏற முடியாதுல்லா? அதான் ஜெபத்துக்கிட்டச் சொல்லிப் போட்டேன்.”

இந்த வண்டியைச் சுற்றி எத்தனை முறை நடந்திருப்பாள். மதியமெல்லாம் அதன் பக்கத்தில்தான் உட்கார்ந்து கார்புரேட்டரைப் பூட்டினாள். அந்தப் படி அவள் கண்ணில் பட்டதே இல்லை.

“அவிய பேரு என்ன?” என்றாள்.

தவசிமுத்து யோசித்தார். நெற்றியைச் சுருக்கினார். பிறகு வெட்கத்தோடு சிரித்தார். “நல்ல பேருதான். இப்ப வந்துரும்.”

கனகலட்சுமி எழுந்து மழைக்குள்ளேயே நடந்து வீட்டுக்குப் போனாள்.

அன்று சாயங்காலமே ஜெபக்குமாரிடம் கேட்டாள். அவன் ஒளிக்கவில்லை. “ஆமா மதினி. வண்டி ஓடுன அன்னைக்கே உங்களக் கூப்பிடணும்னு நின்னாரு. நீங்க பேசாம இருந்தீகளா, அவருக்குப் பயம். காதுகுத்து அன்னைக்கு வில்லிபுத்தூர்ல உங்கள ஏத்திட்டு நேரா பிளவக்கலுக்குப் போறதா இருந்தாரு.”

பொங்கல் கழிந்து, அணையில் தண்ணீர் நிற்கும்போதே போய்விடுவது என்று இருவரும் முடிவுசெய்தார்கள். ஜெபக்குமார் வண்டியைச் சரிபார்த்து, தானே ஓட்டுவதாகச் சொன்னான். அன்று காலை கனகலட்சுமி தலைக்குக் குளித்தாள். புதுப்பெண்ணாக இருந்தபோது அவர் விரும்பிக் கேட்கும் மாம்பழ நிறத்தில் ஒரு சேலை கட்டி, நெருக்கமாகத் தொடுத்த பிச்சிப்பூ வைத்துக்கொண்டாள். அந்தப் பூவின் வாசத்திலாவது தன் முகம் அவருக்குத் திரும்பி வந்துவிடாதா என்ற ஆசைதான். தவசிமுத்து அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“நல்லா இருக்கீகம்மா. விசேஷத்துக்குப் போறீகளா?”

புளியோதரைத் தூக்கோடு அவள் இடதுபக்கம் வந்து, அந்தப் படியில் கால் வைத்து, முன்சீட்டில் ஏறினாள். நடுவில் உட்கார்ந்திருந்த தவசிமுத்து திடுக்கிட்டு ஜெபக்குமார் பக்கம் ஒண்டினார்.

“ஏலே ஜெபம், இவியள எறங்கச் சொல்லு. அது எங்க வீட்டுக்காரி எடம்.”

“அண்ணாச்சி, இது மதினிதான். நல்லாப் பாருங்க.”

“வெளையாடாதலே! அவ அண்ணன் வீட்ல இருக்கா. வில்லிபுத்தூர்ல ஏறுவா. வேற ஆளு உக்காந்திருந்தா அவ என்ன நெனைப்பா? ஏற்கெனவே கோவமா இருக்கா.” அவளைத் தாண்டி இறங்கப் பார்த்தார்.

கனகலட்சுமி இறங்கிவிட்டாள். “விடுங்க தம்பி. நான் பின்னால ஏறிக்கிடுதேன்.”

அவள் பின்தொட்டியில் ஏறச் சிரமப்பட்டதைப் பார்த்து தவசிமுத்துவே இறங்கி வந்தார். கொட்டகைக்குள் போய் ஒரு சாக்கை எடுத்துவந்து நான்காக மடித்துக் கொடுத்தார். “தகரம் சுடும்மா. இத விரிச்சு உக்காருங்க. பள்ளம் மேடு வந்தா கம்பியப் பிடிச்சுக்கோங்க” என்றார். யாரோ ஒரு பெண்ணுக்குக் காட்டுகிற மரியாதை அது. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

வண்டி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகிறவரை கேபின் பின் கண்ணாடி வழியாக அவருடைய பின்னந்தலையையே அவள் பார்த்துவந்தாள். பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. அவர் அதன்மேல் கையைப் பரப்பி வைத்திருந்தார். மடவார்வளாகத்துக்குள் திரும்பி ஜெபக்குமார் வண்டியை நிறுத்தினான். கனகலட்சுமி மனதைத் திடப்படுத்திக்கொண்டு இறங்கி, சேலையைத் தட்டிவிட்டு, முன்கதவுக்கு வந்தாள்.

“வந்துட்டேங்க. கனகு வந்திருக்கேன்.”

தவசிமுத்து தலையை நீட்டித் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். “உங்க ஊரு இதானாம்மா? எறங்கிட்டீகளா? சரி, பாத்துப் போங்க.”

ஜெபக்குமார் ஸ்டியரிங்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அவள் நடந்துபோய்ப் பின்தொட்டியில் மறுபடி ஏறினாள்.

கிருஷ்ணன்கோவிலில் திரும்பி, வத்திராயிருப்பு வழியாக, மலை கிட்டக்கிட்ட வர அணைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தண்ணீர் நிறைந்து கிடந்தது. காற்றில் அவள் பூ உதிர்ந்தது. தவசிமுத்து கரையில் நின்று கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார். அவள் தள்ளி நின்றாள். பக்கத்தில் போனால் ஒதுங்குவார் என்று பயம். அவராகவே திரும்பிப் பேசினார்.

“அவ வரல பாத்தீகளா? கோவம் தீரல.”

“தீந்துட்டு” என்றாள் கனகலட்சுமி. “உங்ககிட்டச் சொல்லச் சொன்னா.”

“நெசமாவா? நீங்க பாத்தீகளா அவள?”

“பாத்தேன். ஒரு கோவமும் இல்லன்னா. அப்படிப் பேசியிருக்கக் கூடாதுன்னு அழுதா.”

“எதுக்கு அழுவணும், கிறுக்கச்சி” என்று சிரித்தார் தவசிமுத்து. அந்தச் சிரிப்பு பழைய சிரிப்பு. அவளுக்கான சிரிப்பு. அவளைப் பார்த்து அதைச் சிரிக்கவில்லை.

புளியோதரையை இலையில் வைத்துக் கொடுத்தாள். பாதியைத் தனியே ஒதுக்கி, வீட்டுக்காரிக்கு இருக்கட்டும் என்று மடித்து மடியில் கட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் கொட்டகைப்பக்கம் போகவில்லை. வண்டியைப் பார்த்தாலும் அது என்ன என்று தெரியாதவர் போல இருந்தார். வீட்டுக்காரி வந்துட்டாளா என்று மட்டும் வாசலைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆடியில் நடை நின்றது. புரட்டாசியில் சோறு இறங்குவது நின்றது. நெஞ்சில் சளி கட்டி, இராஜபாளையத்து ஆஸ்பத்திரியில் கிடந்து, ஒரு காலையில் அடங்கிப்போனார். சிவபாண்டி விமானம் பிடித்து வந்து கொள்ளி வைத்தான். சொந்தக்காரர்கள், அவர் படாத பாடு பட்டார், நீயும் பட்டாய், இனி இரண்டு பேருக்கும் விடுதலைதான் என்றார்கள். கனகலட்சுமிக்கு அவர்களை வாசலைவிட்டு விரட்ட வேண்டும் போல இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, ஜெபக்குமார் மட்டும் ஒருநாள் வந்து உட்கார்ந்தான். வண்டியைக் கடைக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னாள். சரி என்றான். போக எழுந்தவன் தயங்கி நின்றான். ஏதாவது ஆறுதல் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று அவனுக்கு.

“மதினி, அவருக்கு உங்க மொகம் மறந்திருக்கலாம். ஆனா கடைசி வரைக்கும் உங்களத்தான் தேடுனாரு.”

“அதான் தம்பி எனக்கு ஆறல” என்றாள் கனகலட்சுமி. “மறந்துட்டுப் போயிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். தேடிக்கிட்டே போயிட்டாரே. பக்கத்துலயேதான் இருந்தேன். அவருக்கு நான் கெடைக்கலையே.”

ஜெபக்குமார் அவள் எதிரிலேயே, தரையில், மறுபடி உட்கார்ந்துகொண்டான்.